முற்றத்தில் ஒரு பூமரம்

இப்பகுதியை எழுதத் தொடங்கிய நாள் முதலாக நமக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை ரோசாவையும் மல்லிகையையும் பற்றியனவே. இம்மாதம் ஒரு சகோதரி மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கணவரும் தாமும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டிக் குடிபுகுந்து ஓராண்டு ஆகிறதாம். வீட்டின் முன்னே இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமாக மண்தரை கிடக்கிறது. அதன் வாயிலருகே செம்மயிற்கொன்றை ஒன்றை நட்டு, கோடையில் அது செக்கச்செவேலெனப் பூத்து நிற்பதைத் திண்ணையிலிருந்து காண வேண்டும் என்பது அம்மையாரின் நெடுநாள் ஆசை. கணவரோ, மரம் வைத்தால் வேர் சுவரைப் பிளக்கும், இலை விழுந்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள், வாயிலுக்கு நேர் மேலே மின்கம்பி வேறு போகிறது, ஆகையால் முற்றம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டுவிடுவதே மேல் என்கிறாராம். கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்குமுன் நம் கருத்தை அறிய விரும்புகிறார்கள்.

குடும்பத்தில் இருவர் வழக்காடும்போது மூன்றாமவர் புகுந்து தீர்ப்புச் சொல்வது அறிவுடைமையாகாது. ஆயினும் கேட்டுவிட்டார்கள். அம்மையார் விரும்பும் மரம் அந்த இடத்திற்கு ஆகாது. ஐயா விரும்பும் சிமெண்டும் ஆகாது. இரண்டிற்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் செம்மயிற்கொன்றை. குல்மொஹர் என்று பலரும் அழைக்கும் இம்மரம் நம் நாட்டுப் பிறவியன்று. ஆப்பிரிக்கக் கரையை அடுத்த மடகாஸ்கர் தீவின் வறண்ட காடுகளே இதன் தாயகம். பொகீமியா நாட்டினரான போஜர் என்னும் தாவரவியலார் அங்கே கண்டெடுத்த இம்மரம் 1829-ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் பெற்றது. அதற்குப் பிறகே இது வெப்ப நாடுகளெங்கும் பரவிற்று. கேரளத்துக் கிறிஸ்தவர்கள் இதனைக் கால்வாரிப் பூ என்று வழங்குகிறார்கள். ஆண்டவருடைய சிலுவையின் அடியில் இம்மரம் நின்றதாகவும், அவருடைய திருஇரத்தம் பட்டு இதன் பூக்கள் சிவந்ததாகவும் அங்கே ஒரு கதை உண்டு. மடகாஸ்கர் மரம் எருசலேமில் எப்படி நின்றிருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை. தவக்காலம் முடிந்து வெயில் ஏறும் நாள்களில் ஊரெல்லாம் சிவக்கப் பூக்கும் ஒரு மரத்தைக் கண்ட எளிய மக்களின் பக்தி அவ்வாறு பேசியது.

அழகைப் பற்றி ஐயமில்லை. தொல்லை அதன் உடல்வாகில் இருக்கிறது. முப்பது நாற்பது அடி உயர்ந்து, ஏறக்குறைய அதே அளவிற்குக் குடைபோல் விரியும் மரம் அது. பன்னிரண்டடி அகல முற்றத்தில் அதற்கு நிற்க இடமேது? வேர்கள் ஆழச் செல்லாமல் மேல்மண்ணிலேயே பரவி, தளத்தையும் சுற்றுச்சுவரையும் தூக்கிவிடும். கிளைகள் எளிதில் முறிவன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை நகரின்மேல் ஏறி வந்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் செம்மயிற்கொன்றையும், மஞ்சட்பூப் பூக்கும் பெருங்கொன்றையும், தூங்குமூஞ்சி மரமும் மிகுதி. வேப்பமும் புங்கமும் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. வாயிலருகே மின்கம்பியின் கீழ் இம்மரத்தை நடுபவர், மின்வாரியத்தார் ஆண்டுதோறும் வந்து அதன் தலையை வெட்டிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். பள்ளி மைதானத்திலோ, ஊருக்கு வெளியே தோப்பிலோ இம்மரம் நிற்கட்டும்; நாம் வேண்டாம் என்பது ஐந்து சென்ட் மனைக்குத்தான்.

இனிச் சிமெண்டுத் தளம். இருபதடிக்குப் பன்னிரண்டடி என்றால் 240 சதுர அடி. தமிழகத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அக்கணக்கில் அந்தச் சிறு முற்றத்தின்மேல் மட்டும் ஆண்டிற்கு இருபதாயிரம் லிட்டர் நீர் விழுகிறது. மண்ணாக இருந்தால் அதில் ஒரு பங்கு கீழே இறங்கும். சிமெண்டாக இருந்தால் அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போகும். 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கூரைநீருக்குக் குழாய் வைத்தவர்களில் எத்தனையோ பேர், முற்றத்தின் மண்ணை மூடித் தம் கிணற்றுக்குத் தாமே கேடு செய்துகொண்டார்கள். வெப்பமும் உண்டு. சித்திரை மாதத்துச் சூட்டைப் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் தளம், இரவில் அதைச் சன்னல் வழியாக வீட்டிற்குள் அனுப்புகிறது. மின்விசிறி வெந்நீர்க் காற்றை வீசுகிறது என்று பலர் குறைப்படுவதன் காரணம் இதுவே. நடப்பதற்கு நான்கடி அகலத்தில் கல் பாவிக்கொள்ளுங்கள். கற்களின் இடையே மண்ணோ மணலோ இருக்கட்டும். எஞ்சிய நிலத்தை மண்ணாகவே விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதை நடுவது? அம்மையாரின் உள்ளம் சிவப்பிலும் மஞ்சளிலும் இருப்பதால், முதலில் மயிற்கொன்றையைச் சொல்வோம். பெயர் ஒன்றுபோலத் தோன்றினும் இது வேறு. எட்டு அல்லது பத்தடிக்கு மேல் போகாத சிறுமரம். பெருஞ்செடி என்றும் சொல்லலாம். சிவந்த இதழ்களுக்கு மஞ்சள் விளிம்பும், வெளியே நீண்டு நிற்கும் மகரந்தக் கம்பிகளும் உடைய பூங்கொத்துகள் ஆண்டின் பெரும்பகுதியிலும் மலர்ந்துகொண்டே இருக்கும். விதையிலிருந்து விரைவாக வளரும். கம்பியை எட்டாது, சுவரைத் தொடாது. தண்டில் ஆங்காங்கே சிறு முள் உண்டு என்பதால் நடைபாதையிலிருந்து மூன்றடி தள்ளி நட வேண்டும். ஆண்டிற்கொரு முறை பூ ஓய்ந்த காலத்தில் பாதியளவிற்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதிதாகத் தழைத்துப் பூக்கும். செம்மயிற்கொன்றையின் ஆரவாரம் இதற்கு இல்லைதான். ஆனால் திண்ணையிலிருந்து காண்பதற்கு இதன் பூ கண்ணுயரத்தில் நிற்கும். அதன் பூவை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மரமாக, தயக்கமே இல்லாமல் பவழமல்லியைப் பரிந்துரைக்கிறோம். மாலை மங்கியபின் மலர்ந்து, இரவெல்லாம் மணந்து, பொழுது புலருமுன் தரையில் உதிர்ந்து கிடக்கும் இதன் பூவைத் தமிழ் வீடுகளுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பகலில் பூவின்றிச் சோர்ந்து நிற்பதால் இதற்கு இலத்தீன் மொழியில் துயர மரம் என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் அங்கே அச்சான தமது மருந்து நூலில் இத்துயர மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பூவின் செம்மஞ்சள் காம்பைக் கொண்டு முற்காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றியதும் உண்டு. பத்துப் பன்னிரண்டடிக்குள் அடக்கி வளர்க்கலாம். விதையிலும் வரும், முற்றிய குச்சியிலும் வரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும். ஆவணியில் தொடங்கி மார்கழி வரை பூ இருக்கும். நீர் தேங்கும் இடம் மட்டும் இதற்கு ஆகாது. படுக்கையறைச் சன்னலுக்கு ஆறடி தொலைவில் நட்டால் இரவின் மணம் முழுவதும் வீட்டிற்குள் வரும். பூ விழும் இடத்தில் பழைய வேட்டி ஒன்றை இரவில் விரித்து வைத்தால், காலையில் மண்படாத பூவை அள்ளிக்கொள்ளலாம். முதுமையில் குனிந்து பொறுக்க முடியாதவர்களுக்கு இது உதவும். மார்கழிக்குப் பின், மாசி மாதத்தில் கிளைகளைக் குறைத்துவிடுங்கள். புதிய தளிர்க்கிளைகளில்தான் அடுத்த ஆண்டுப் பூ வரும்.

இடம் இன்னும் சற்று இருப்பவர்களுக்கு மந்தாரை. மாட்டுக் குளம்புபோல் இரண்டாகப் பிளந்த அதன் இலையைக் கண்டு, சகோதரர்களாகத் தாவரவியல் பயின்ற போகின் இருவரின் நினைவாக அதற்குப் பெயரிட்டார்கள். செம்மந்தாரை இருபதடிக்கு மேலும் வளரும். வெள்ளை மந்தாரையோ ஆறேழு அடியில் நின்றுவிடும். சிறு முற்றத்திற்கு வெள்ளையே தக்கது, தொட்டியில்கூட வரும்.

ஈழத்தலரியைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. நம் பங்குக் கோவில்களின் முற்றங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இதைக் காணாதவர் இருக்க மாட்டார்கள். பெயரில் ஈழம் இருப்பினும் இதன் பிறப்பிடம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் கரிபியன் தீவுகளும் ஆகும். இதற்கு அறிவியலார் இட்ட புளூமேரியா என்னும் பெயர் ஒரு துறவியின் நினைவாக வந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்லஸ் புளூமியே (1646–1704), பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ்கு நிறுவிய மினிம் சபைத் துறவி. அரசர் பதினான்காம் லூயியின் ஆதரவில் மும்முறை கரிபியன் தீவுகளுக்குக் கடற்பயணம் செய்து அங்கிருந்த செடிகொடிகளை வரைந்தும் விவரித்தும் வைத்தார். சண்பக இனத்திற்கு இன்று வழங்கும் மக்னோலியா என்னும் பெயரை முதலில் படைத்தவரும் இவரே. கல்லறைத் தோட்டத்து மரம் வீட்டிற்கு ஆகாது என்று சிலர் இன்னும் விலக்கி வைக்கிறார்கள். அந்த அச்சத்திற்கு அடிப்படை ஒன்றுமில்லை. தண்ணீர் குறைந்த ஊர்களில் இதைவிட எளிய பூமரம் வேறில்லை. முழங்கை நீளத்தில் ஒரு கிளையை வெட்டி, வெட்டுவாயில் பால் வடிந்து உலரும்வரை ஒன்றிரண்டு வாரம் நிழலில் போட்டுவைத்து, பிறகு மணற்பாங்கான மண்ணில் ஊன்றினால் போதும். பச்சையாக நட்டு அன்றாடம் நீர் ஊற்றினால் அழுகிவிடும். இதன் பால் தோலிலும் கண்ணிலும் பட்டால் எரிச்சல் தரும். வெட்டுபவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

மனை எட்டு, பத்து சென்ட்டுக்கு மேல் இருக்குமானால் சரக்கொன்றையே முதல் மரியாதைக்குரியது. பங்குனி, சித்திரையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பொற்சரங்களைத் தொங்கவிடும் இம்மரம் சங்க காலம் தொட்டு முல்லை நிலத்திற்கு உரியது. கேரளத்தின் மாநில மலரும் இதுவே. சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி நட வேண்டும். விதையின் தோல் மிகக் கடினம். கரடான கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, வெந்நீர் ஊற்றி ஓரிரவு ஊற வைத்தால்தான் முளைக்கும். பூக்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். ஓய்வு பெற்றவர்களுக்கு இக்காலம் நீண்டதாகத் தோன்றலாம். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை ஒரு குறையாக யாரும் சொல்வதில்லை. மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் சில காலங்களில் இதன் இலைகளை மொய்த்துத் தின்னும். மருந்து தெளிக்க ஓடாதீர்கள். ஒரு மாதத்தில் மரம் மீண்டும் தழைத்துவிடும். பூச்சிகளும் பிழைத்துப் போகும்.

சரக்கொன்றைக் கன்று வாங்கும்போது ஒரு செய்தி நினைவிருக்கட்டும். வெப்ப அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த வேறொரு மஞ்சட்பூ மரம் மஞ்சக்கொன்றை என்ற பெயரில் நாற்றுப் பண்ணைகளில் உலவுகிறது. முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு ஆகிய காடுகளில் அது தாறுமாறாகப் பரவி, அதன் அடியில் புல்லும் நாட்டு மரங்களும் முளைக்கவிடாமல் செய்துவிட்டதால், வனத்துறையினர் அதை வெட்டியும் வேரோடு பிடுங்கியும் அகற்றி வருகிறார்கள். கன்றிலேயே வேறுபாடு தெரியும். சரக்கொன்றையின் இலைக்காம்பில் உள்ளங்கை நீளமுள்ள பெரிய சிற்றிலைகள் நான்கு முதல் எட்டு இணைகளே இருக்கும். மற்றதில் சிறிய இலைகள் பத்துப் பதினைந்து இணைகள் நெருக்கமாக இருக்கும். பூத்த மரத்தைப் பார்க்க நேர்ந்தால் இன்னும் எளிது. சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும், மற்றது மேல்நோக்கி நிற்கும்.

மகிழம், பூமருது, பூவரசு ஆகியவற்றையும் பெரிய மனைக்காரர்கள் எண்ணிப் பார்க்கலாம். மகிழம் மெல்ல வளரும். ஆனால் காற்றுக்கு அசையாது, உதிர்ந்து காய்ந்த பூவும் மணக்கும். பூமருதுக்கு நீர் வளம் வேண்டும். கடற்கரை ஊரார் உப்புக்காற்றுக்கு அஞ்சாத பூவரசை விட்டு வேறு தேட வேண்டியதில்லை. காலையில் மஞ்சளாக மலர்ந்த அதன் பூ மாலைக்குள் சிவந்துவிடும். மரமல்லி வானளாவ வளர்ந்து கிளை முறியும் இயல்புடையது, வீட்டிற்கு வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த நாகலிங்க மரத்தின் பூவைக் கண்டு ஆசைப்படுபவர்கள், மனிதத் தலையளவு பருத்த அதன் காய் எங்கே விழும் என்பதையும் எண்ணிக்கொள்ளட்டும்.

அரளியைப் பற்றி மட்டும் கண்டிப்பாக ஒரு சொல். செவ்வரளி, வெள்ளரளி, பொன்னரளி மூன்றும் நோக்க இனியவை, வறட்சி தாங்குபவை. ஆடுமாடு கடிக்காதவை என்பதால் பலரும் விரும்பி நடுகிறார்கள். ஆடுமாடு ஏன் கடிப்பதில்லை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இலை, பூ, விதை, பட்டை அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கலாகாது என ஆணையிட்டது. சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீட்டிலும், மனம் நொந்திருக்கும் ஒருவர் உள்ள வீட்டிலும் அரளி நிற்றல் ஆகாது என்பது எமது உறுதியான கருத்து. நிற்குமானால் இன்றே அகற்றுங்கள். வெட்டிய குச்சிகளை அடுப்பெரிக்கவும் பயன்படுத்தாதீர்கள்.

நடும் முறைக்கு வருவோம். ஆனி மாதக் கடைசியில் இரண்டரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழியெடுத்து இரண்டு வாரம் வெயிலில் ஆறவிடுங்கள். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, அதனுடன் நன்கு மக்கிய தொழு எரு இரண்டு கூடையும், கறையான் வராதிருக்க வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோவும் கலந்து குழியை நிரப்புங்கள். வீடு கட்டியபோது முற்றத்தில் புதைந்த செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் இருந்தால் அவற்றை முழுவதும் அள்ளி வெளியேற்றுவது அவசியம். புது வீடுகளில் கன்று பிழைக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழி மட்டும் நாற்றுப் பண்ணைக்காரர் தலையில் விழுகிறது.

ஆளுயரக் கன்றை நாடாமல் இரண்டடிக் கன்றையே தேர்ந்தெடுங்கள். நெடுநாள் பாலித்தீன் பையில் கிடந்த உயரக் கன்றின் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மண்ணிற்குள்ளும் அது சுருண்டே வளர்ந்து, பத்தாண்டு கழித்து ஒரு புயலில் மரம் அடியோடு பெயர்ந்து விழும். சாய்ந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். பையைக் கிழித்து நீக்கி, சுருண்ட வேர்களைக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் நறுக்கிவிட்டு நடுங்கள். பையில் மண்மட்டம் எங்கே இருந்ததோ, குழியிலும் அங்கேயே இருக்கட்டும். ஒரு மூங்கில் கழியைப் பக்கத்தில் ஊன்றித் தேங்காய் நார்க் கயிற்றால் தளர்த்தியாகக் கட்டுங்கள். ஓராண்டுக்குப் பின் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் ஆடப் பழகாத மரத்திற்கு அடிமரம் பருக்காது.

நீர் ஊற்றுவதில் அன்பு மிகுந்துவிடக் கூடாது. அன்றாடம் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மூன்று நாளுக்கொரு முறை ஒரு குடம் நீரை மெல்ல மெல்ல இறங்கும்படி ஊற்றுங்கள். வேர் நீரைத் தேடிக் கீழே போகும். ஓராண்டு கழிந்தபின் வாரம் ஒரு முறை போதும். மரம் வளர வளரப் பாத்தியை அகலப்படுத்திக்கொண்டே செல்லுங்கள். கல் பாவும்போது அடிமரத்தைச் சுற்றி நான்கடிச் சதுரமாவது மண்ணாகத் திறந்திருக்கட்டும்.

பக்கத்து வீட்டாரைப் பற்றி ஐயா கவலைப்படுவது நியாயமே. கன்று நடுமுன் ஒரு மாலை அவர்கள் வீட்டிற்குச் சென்று, எங்கே எந்த மரம் வைக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கேளாமல் வைத்த மரத்தின் ஓரிலையும் கண்ணுக்கு உறுத்தும். மரம் முழு வளர்ச்சி பெறும்போது எவ்வளவு விரியுமோ அதில் பாதி தூரம் எல்லைச்சுவரிலிருந்து தள்ளி நட்டால், கிளை சுவரைத் தாண்டாது. மயிற்கொன்றைக்கு நான்கடி, பவழமல்லிக்கு ஐந்தடி என்று வைத்துக்கொள்ளலாம். பூக்கும் காலத்தில் ஒரு தட்டுப் பூவை அவர்கள் வீட்டிற்கும் அனுப்புங்கள். உதிரும் இலைகளைக் கொளுத்தாமல் மூலையில் ஒரு குழியிலிட்டு மண் தூவி வாருங்கள். ஆறு மாதத்தில் அது எருவாகிவிடும். மூடாக்காகப் பரப்புவதாயின் அடிமரத்தில் படாமல் ஒரு சாண் விலகியிருக்கட்டும்.

ஆக, கொத்தனாரிடம் நான்கடிப் பாதைக்கு மட்டும் கணக்குக் கேளுங்கள். வாயிலின் ஒரு புறம் மயிற்கொன்றை, சன்னலோரம் பவழமல்லி. நடுவில் எஞ்சும் மண்ணில் இப்போதைக்கு ஒன்றும் வைக்காதீர்கள். இரண்டு மரங்களும் எவ்வளவு நிழல் தருகின்றன என்பது தெரிந்தபின் அங்கே என்ன வைப்பது என்று முடிவு செய்யலாம். ஆடி பிறக்கச் சில வாரங்களே உள்ளன. குழியை இப்போதே எடுத்து ஆறவிட்டால், முதல் மழைக்குக் கன்று மண்ணில் இருக்கும்.